மிச்சம் எழுநூற்று முப்பது

கௌதமபுரத்தில் மழை பிடித்துக்கொண்ட ராத்திரி.
கிளப் அறையில் ஏழு பேர், ஆறு நாற்காலி.
கணக்கு நோட்டு என் மடியில்:
நாற்பத்து மூவாயிரத்து இருநூற்று முப்பது.
இதற்கு ஒரே ஓர் ஆளைத்தான் எடுக்கலாம்.

போன சீசனில்
ஒன்பது போட்டோம், இருபத்தேழு வாங்கினோம்.
"இதுவரைக்கும் நாம வாங்கினது கோல் மட்டும்தான்"
என்றான் கிளமென்ட்.
யாரும் சிரிக்கவில்லை, அவனும்கூட.

முதல் பெயர் ஷிஹாப், மலப்புறத்துக்காரன்.
சாம்ராஜ் மாஸ்டரின் போனில்
பதினெட்டு விநாடி ஓடுகிறான்.
மூன்று பேரைத் தாண்டுகிறான்,
நான்காமவனை ஒன்றும் செய்யவில்லை,
அவனே விழுகிறான்.
ஐந்து தடவை போட்டுப் பார்த்தோம்.
ஐந்து தடவையும் விழுந்தான்.
நாற்பதாயிரம் கேட்கிறான் ஷிஹாப்.

அடுத்தவன் தேவநேசன், ஸ்டாப்பர், தங்கவயல்.
மாரிக்குப்பம் ரயிலில் இருட்டோடு ஏறி
இடம் கிடைத்தாலும் யாருக்காவது விட்டுவிட்டு
கன்டோன்மென்ட் வரை நின்றபடி வந்து
ஒரு கம்பெனி வாசலில்
சாயங்காலம்வரை நிற்பவன்.
அவனுக்கு வீடியோ கிடையாது.
நடக்காமல் போனதை
யார் படம் பிடித்து வைப்பார்கள்?
இருபத்தையாயிரமும்
ரயிலுக்கு சீசன் டிக்கெட்டும் போதுமாம்.

"நாலு வாங்கினா அஞ்சு போடுவோம்"
என்றார் மாஸ்டர்.
"ஒண்ணும் வாங்காட்டி ஒண்ணே போதுமே"
என்றார் எலியாஸ்.
"பந்து அவன் காலுக்கு வரணும் இல்ல?
அது நம்ம பாக்ஸ்லயே குடியிருக்கு,
ரேஷன் கார்டு வாங்காததுதான் பாக்கி."
இது கிளமென்ட்.

பிரியாணிக்கடை நயாஸ் பாய்
குடையை மடக்காமலே சொன்னார்:
"பேப்பர்ல போட்டோ வந்தா
கோல் போட்டவன் பனியன்தான் வரும்.
அதுல என் கடை பேரு தெரியணும்."
பணத்தில் பாதி அவருடையது.
அதனால் அதுவும் ஒரு வாதம் ஆயிற்று.

நடுவில் கூரை ஒழுக ஆரம்பித்தது.
எண்பத்தொன்பதில் ஜெயித்த கோப்பையை
எலியாஸ் அலமாரியிலிருந்து இறக்கி
சொட்டுக்கு நேராக வைத்தார்.

நான் ஒன்பது வருடம் லெஃப்ட் பேக்.
சுவரில் மாட்டியிருக்கும் படங்களில் தேடினால்
ஒரு முழங்கை கிடைக்கும்,
ஓரத்தில் ஒரு காலுறை.
ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ஒருநாள்
கோட்டைத் தாண்டப் போன பந்தை
நெஞ்சால் வாங்கி வெளியே தள்ளினேன்.
ஒரே ஒருவர் கைதட்டினார்.
கொசுவை அடித்தாரோ என்னவோ.

ஏழு சீட்டு கிழித்தேன்.
மாஸ்டரின் தொப்பியில் போட்டுக் குலுக்கினோம்.
கோலி எத்திராஜுக்கு டிப்போவில் நைட் ஷிஃப்ட்,
அவன் ஓட்டு இல்லை.

ஷிஹாப் நான்கு.
தேவநேசன் மூன்று.

யாரந்த நான்காவது என்று
எலியாஸ் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.
என்னிடம் நிற்கவேயில்லை,
நம்பித் தாண்டிப் போனார்.

நான்தான்.
பதின்மூன்று ஆட்டமும் கோட்டோரம் நின்று
பல்லைக் கடித்து வாட்ச் பார்த்தவனுக்கு
ஒரு தடவை
தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.
வேறு காரணம் கேட்டால்
நோட்டைப் புரட்டி ஏதாவது சொல்வேன்.

பதிவுக் கட்டணம் இரண்டாயிரத்து ஐநூறு.
கூட்டிக் கழித்து அடியில் கோடு போட்டேன்.

பதினோரு மணிக்கு எத்திராஜைக் கூப்பிட்டேன்.
பின்னால் பஸ் கழுவும் சத்தம்.
யாரை எடுத்தோம் என்று சொன்னேன்.
கொஞ்ச நேரம்
தகரத்தில் தண்ணீர் அடிப்பது மட்டும் கேட்டது.
"செரி பா" என்றான்.
அப்புறம்,
"என் கிளவுஸ் விரல்கிட்ட கிழிஞ்சுபோச்சு.
மிச்சத்துல ஒரு ஜோடி வருமா?"