இருபத்திரண்டு

காலை ஆறரைக்கு ஆர்னே
துளைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு
கடல்மேல் நடந்து போவார்.
ஒரு குழி. அதில் இறங்கும் அளவுகோல்.
பிறகு தொலைபேசியில் ஓர் எண்.

ஹாப்சாலுவில், இரண்டாம் மாடியில்,
காலுறை காயும் வெப்பக்குழாய்க்கு அருகே இருந்து
நான் அதை உள்ளிடுவேன்.
மீதியை நிரல் பார்த்துக்கொள்ளும்:
தடிமன் இருபத்திரண்டைவிடப் பெரிதெனில்
தடுப்புக்கம்பம் மேலே, விளக்கு பச்சை.
அன்றேல் சிவப்பு.
தீவுக்குப் போகும் பனிச்சாலை முழுவதும்
இந்த மூன்று வரியில் நிற்கிறது.

உறைந்தால், உறையும்போது, அதைவிட:
மூன்றுக்கும் எங்கள் எஸ்தோனியத்தில் ஒரே சொல், குய்.
ஐயமும் காத்திருப்பும் ஒப்பீடும்
ஒரே கோட்டை மாற்றி மாற்றி உடுத்தி வரும்.
கணினி அதை வாசலிலேயே நிறுத்திக் கேட்கும்:
உண்டா, இல்லையா?

இன்று ஆர்னே சொன்ன எண் இருபத்திரண்டு.
"மேலே ஏதாவது?"
"ஒன்றுமில்லை. மயிரிழை கூட இல்லை."

பெரிது என்று எழுதியவள்
சமம் என்று எழுத மறந்தேனா, மறுத்தேனா?
மூன்று குளிர்காலம் ஆயிற்று. நினைவில்லை.

கேமராவில் ஒரு நீல வேன்.
தீவுப் பள்ளிப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் போகும் ஹில்லார்,
வைப்பரை ஓடவிட்டபடி
சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சமக்குறிதான். விரல் அதன்மேல்தான் இருக்கிறது.

"போட்டுவிடட்டுமா?" என்றேன்.
ஆர்னே கொஞ்சம் இருமினார்.
"உன் நிரலில் ஒரு கிளை ஓடினால்
மற்றது தூங்கும், இல்லையா?
விரிசல் அப்படியில்லை, மாரிக்கா.
அது எல்லாக் கிளையிலும் ஓடும்.
நான் இப்போது அதன்மேல்தான் நிற்கிறேன்."

விரலை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது:
போகலாம் என்பவர்களுக்கு எத்தனை எழுதியிருக்கிறேன்!
வேகம், இடைவெளி,
இருக்கைப்பட்டியை அவிழ்த்துக்கொள்,
கதவைப் பூட்டாதே.
அன்றேலுக்குக் கீழே
சிவப்பு என்ற ஒரே சொல்.
அங்கே வந்து நிற்கிறவர்
அடுத்து என்ன செய்வார் என்று
நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

சமக்குறியைச் சேர்க்கவில்லை.
சிவப்புக்கு அடியில் இரண்டு வரி சேர்த்தேன்:
*துறைமுகக் கடையில் சூடான பட்டாணிச் சூப்.
அடுத்த அளவு நாளை ஆறரைக்கு.*

பலகையில் எழுத்து மாறியது.
வைப்பர் நின்றது.
ஹில்லார் இறங்கி, தொப்பியை இழுத்துவிட்டு,
கடைப்பக்கம் நடந்தார்.
பாதி வழியில் திரும்பி வந்து
சுருதிக் கருவிகள் இருந்த பெட்டியையும்
எடுத்துக்கொண்டு போனார்,
குளிரில் அது கெட்டுவிடும் எனில்.