பத்தொன்பது பொட்டலக் கடன்

அம்மா ஸ்டான்லியில் படுத்திருந்த
பத்தொன்பது நாளும்
மாலை ஆறரைக்கு வார்டு வாசலில்
நீலக் கூடை ஒன்று வந்து நிற்கும்.
சாம்பார் சாதம், ஓரத்தில் ஊறுகாய்.
"கூட இருக்கறவங்களும் சாப்பிடணும்ல."
பெயர் கேட்கவில்லை. எந்தச் சாமி என்றும் கேட்கவில்லை.

கொருக்குப்பேட்டை உப்புக் கிடங்கில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
வந்த மூட்டை, போன மூட்டை,
மழையில் கரைந்து போன மூட்டை.
யாருக்கும் பாக்கி வைத்துப் பழக்கமில்லை.
காரியம் முடிந்த மறு ஞாயிறு
ராயபுரம் கோயிலின் பின்பக்கச் சமையற்கூடத்துக்குப் போய்
"பத்தொன்பது ஞாயிறு வேலை செய்றேன்" என்றேன்.
பவுலின் அக்கா ஏன் என்று கேட்காமல்
கத்தியை நீட்டினார்.
பன்னிரண்டு கிலோ வெங்காயம்.

அங்கே நான் அழுததை
யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

அண்டா கழுவுகிறவர் பெயர் தஸ்நேவிஸ்.
கண்டெய்னர் லாரி ஓட்டி
துறைமுக வாசல் வரிசையில் இரண்டு ராத்திரி கிடந்து
தூக்கம் ஒட்டிய கண்ணோடு வருவார்.
அண்டாவைச் சாய்த்து, இடுப்பு வரை உள்ளே போய்
அங்கிருந்தே பேசுவார்.
என்ன சொன்னாலும் மணி அடித்த மாதிரி கேட்கும்.
"உப்புக் கிடங்காமே நீங்க?
அப்ப உப்புப் பாக்கறது இனிமே உங்க பொறுப்பு."
அன்று முதல் கரண்டி நுனியிலிருந்து
என் உள்ளங்கையில் கொஞ்சம் விழும்.
சுடும். ஊதி, நக்கி,
"ஒரு கை போடலாம்" என்பேன்,
இல்லையென்றால் "போதும்".
ஆறு மாதத்தில் நாங்கள் பேசியது
அநேகமாக அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு
வியாசர்பாடி சுரங்கப் பாதை மூழ்கி
ஒருத்தரும் வந்து சேரவில்லை.
பவுலின் அக்கா கால் வீங்கி ஸ்டூலில்.
நான் கட்ட, அவர் அடுக்க,
கூடையைத் தலையில் வைத்து
பழைய ஜெயில் ரோட்டில் முழங்கால் தண்ணீரில்
நான்கு நடை.
கடைசி நடையில் கூடை காலியானபோது
வரிசையில் இன்னும் ஒரு பையன் நின்றான்,
நனையாமல் நெஞ்சோடு பிடித்த எக்ஸ்ரே கவரோடு.

அற்புதம் நடக்க வேண்டிய இடம் அது.
நடக்கவில்லை.
கூடையைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தேன்.

தஸ்நேவிஸ் சட்டைக்குள்ளிருந்து
தனக்கென்று எடுத்து வைத்த பொட்டலத்தை நீட்டினார்.
"எனக்குப் பசிக்கல" என்றார் என்னிடம்.
அந்த நேரம் பார்த்து
அவர் வயிறு சத்தம் போட்டது.
சிரித்துவிட்டேன்.
அம்மாவின் ரிப்போர்ட்டைப் பிரிக்காமல்
நான் உட்கார்ந்திருந்த அதே படிக்கட்டில் நின்று.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன்.
பத்தொன்பது எப்போதோ தாண்டியிருந்தது.
நாற்பத்தோரு வயதில்
என் கணக்கு தப்பியது முதல் தடவை.

இப்போதெல்லாம் பூசைக்கும் போகிறேன்.
கடைசி பெஞ்ச்.
எப்போது முழங்காலிடுவது என்று பிடிபடவில்லை,
முன்னால் இருப்பவர்களைப் பார்த்து
ஒரு நொடி பிந்தி எழுவேன்.
ஜெபம் என்று எதுவும் வருவதில்லை.
வாயைத் திறந்தால்
இன்றைக்கு யாருக்கும் குறையக்கூடாது, அவ்வளவுதான் வருகிறது.
வெட்கப்பட்டுக்கொண்டு பவுலின் அக்காவிடம் சொன்னேன்.
"அதுக்கு ஒரு ஆமென் போட்டுட்டு அரிசியைக் களை."

யார் கேட்கிறார் என்று தெரியாமலே
அரிசி களைகிறேன்.
யாரோ கேட்கிற மாதிரிதான் இருக்கிறது.

போன ஞாயிறு அண்டாவுக்குள்ளிருந்து
"உங்க கடன் எப்பதான் தீரும்?"
தலை வெளியே வரவில்லை,
காதுகள் மட்டும் சிவந்திருந்தன.
காசிமேட்டுக் காற்று மீன்வாடையோடு வந்து
அடுப்பை ஒருமுறை சாய்த்துவிட்டுப் போனது.
"ஏறிக்கிட்டே போகுது" என்றேன்.
உள்ளே தேய்க்கிற சத்தம் நின்றது.

அன்றைய சாம்பாருக்கு
இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன்.
வார்டு முழுக்கத் தண்ணீர் கேட்டார்களாம்.