வெட்டில்லாத நாள்

விடியுமுன்னே மழை. இன்று பால்வெட்டு இல்லை.
அருமனை ரப்பர் எல்லாம்
சும்மா நின்று நனைகிறது.

கனடாவிலிருந்து பெனிலா கொடுத்துவிட்ட குப்பி
அரிசிப் பானைக்குப் பின்னால் நாலு மாதமாய்.
மேப்பிள்.
இதுவும் மரத்தைத் துளைத்து எடுப்பதுதானாம்,
பனி உருகும் மாதத்தில், வாளி கட்டி.
"நம்ம சிரட்டை மாதிரியே" என்று
இரண்டு தடவை சொன்னாள்.
வேறெதுவும் பேசக் கிடைக்கவில்லை அன்று.

வெண்ணெய், சீனி, ஒரு முட்டை, மைதா.
எலுமிச்சை போட்டு மூன்று தரம் கை தேய்த்தும்
மாவு பிசையும்போது மூக்கு தேடியது
ஒட்டுப்பால் வாடையை.

"மெத்துன்னு இருக்கணும்,
ஓரம் செவக்கும் முன்னே எடுத்திரணும்"
வாய்ஸில் அவள், டியூட்டி அவசரத்தில்.
ஏழாவது நிமிடம் கரண்ட் போனது.
ஓவனைத் திறக்காமல் நின்றோம்,
நானும், மழை லீவில் இருக்கும் ஜெனிஷாவும்.

மிச்சச் சூட்டிலேயே வெந்துவிட்டது.
ஐசிங்தான் உறையவில்லை.
ஆசிட் விட்டால் பால் உறையும்,
எனக்குத் தெரிந்த உறைதல் அது ஒன்றுதான்.

தட்டில் வழிந்ததில்
ஜெனிஷா விரலால் சாய்வாக ஒரு கோடு கீறினாள்,
நான் மரத்தில் கீறுவதுபோல.
தட்டைச் சரித்து
கோடு முடியும் இடத்தில்
சிரட்டைக்குப் பதில் வாயை வைத்தாள்.

"கொள்ளாம் அப்பா."

ஒன்றை மட்டும் கிண்ணம் கவிழ்த்து மூடியிருக்கிறேன்.
உறைந்தால்
படமெடுத்து அனுப்பணும்.