வால் நறுக்கிய பன்னிரண்டு

பிர்னோவில் டிசம்பர்.
நான்காம் எண் டிராமின் கண்ணாடியில் யார் யாரோ விட்ட மூச்சு.
போஹ்தானா தொடையைத் தடவிக்கொள்கிறாள்:
காலையில் போட்ட ஊசி.
மாதம் ஒரு முறை, மாதுளை நிறத்தில் ஒரு மில்லி.
வயிறு வாங்க மறுத்த பி-பன்னிரண்டை
ஒன்பது வருடமாகத் தசை வாங்கிக்கொள்கிறது.

ஆய்வகத்திலும் அதே சிவப்பு.
இங்கே அவள் அதற்கு இரக்கம் காட்டுவதில்லை.
மெத்தனாலில் இட்டு, கந்தக அமிலம் சொட்டி,
மூன்று நாள் கொதிக்கவிட்டு
வாலைக் கழற்றினாள்.
ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஏழு கைகளுக்கும்
மீத்தைல் உறை மாட்டினாள்.
சயனைடு சேர்த்ததும் ஊதா,
கத்தரிப்பூ ஊதா.
நடுவில் கோபால்ட் மட்டும்
வளையம் விட்டு நகரவில்லை.

தண்ணீரை மறந்துவிட்டது அது.
இனி எந்த உடம்பும் அதை அடையாளம் காணாது,
அவள் உடம்பும்தான்.
உயிர்ச்சத்தில்
உயிரைக் கழித்தால் மிச்சம்?

"சாப்பிடக் கூடாத வைட்டமின்! யாருக்கு இது?"
ரொட்டியைக் கடித்தபடி ஓன்ட்ரே.
"புரோமினைக் கழற்றத் தெரியாதவர்களுக்கு," என்றாள்.

முதல் முறை பன்னிரண்டு சதவீதம்.
இரண்டாம் முறை ஒன்றுமே இல்லை;
ரப்பர் மூடியில் ஊசித்துளை, துளைவழி காற்று.
மூன்றாம் முறை
ஆர்கானை ஒரு மணி நேரம் ஓடவிட்டாள்.
துத்தநாகப் பொடி. அமோனியம் குளோரைடு.
ஊதா வெளுத்து, பழுத்து,
பிறகு குளத்துப் பாசியின் கரும்பச்சை.

பசித்துவிட்டது கோபால்டுக்கு.
புரோமினைத் தள்ளிவிட்டுக் கரியைக் கவ்வியது.
விளக்கைப் போட்டாள்.
வெளிச்சம் அந்தப் பிடியை அவிழ்க்க,
தனித்துப்போன கரி
பக்கத்திலிருந்த இரட்டைப் பிணைப்பை எட்டிப் பிடித்தது.
கை காலியானதும் கோபால்ட் அடுத்ததைத் தேடியது.
கவ்வுதல், விடுதல்.
கவ்வுதல், விடுதல்.

வினை முடித்துத்
தான் மட்டும் அப்படியே வெளியே வந்து நிற்பது
வினையூக்கி என்று பாடப்புத்தகம்.
அப்படியெல்லாம் இல்லை.
நூறு சுற்றுக்குப் பிறகு
அதுவும் எங்கோ விண்டுபோகிறது.
கட்டுரையில் அதற்கு
ஓர் அடிக்குறிப்பு உண்டு.

எண்பத்தொரு சதவீதம்.
இரவு பதினொன்றரை.
மூடியைத் திறந்தாள். காற்றுப் பட்ட விளிம்பிலிருந்து
பச்சை பழுப்பாகிக்கொண்டே கீழிறங்கியது,
பழுப்புக்குள் எங்கோ சிவப்பு
இருந்தது போலவும் இல்லாதது போலவும்.
தொடை இன்னும் வலித்தது.

குப்பியைக் கழுவாமல்
பெயரும் தேதியும் ஒட்டி வைத்துவிட்டு
கடைசி டிராமுக்கு ஓடினாள்,
ஒரு கையுறையைக் கழற்ற மறந்து.