இருபது சதவீதம்

பர்ன்லி ஓய்வூதிய அலுவலகம், 1922.
மூன்றாவது மேசை என்னுடையது.
ஜன்னலில் ஆலைப்புகை,
மேசைமேல் ஆண்கள், அகரவரிசையில்.

இன்று ஏனோக் பில்லிங். நெசவாளி. இருபத்தொன்பது.
காயம்: இல்லை.
அந்த 'இல்லை'க்கு முன்னால்
மருத்துவரின் பேனா தயங்கி நின்றதற்கு
ஒரு மைப்பொட்டு சாட்சி.

மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார்கள்.
ஏறினார்.
இறங்கும்போது நடுப்படியில் உட்கார்ந்து
நெஞ்சை இரு கையாலும் பொத்திக்கொண்டார்,
சந்தைக் கூடையில்
திமிறும் கோழியை அமுக்குவதுபோல்.
நாடி நூற்று நாற்பத்தாறு.
எக்ஸ்ரேயில் இதயம் பழுதில்லை.
பாடநூலில் அச்சிடலாம், அவ்வளவு அழகு
என்றாராம் மருத்துவர்.

அவர் தகப்பனாரின் கோப்பைத் தேடிக்
கீழ்த்தளம் போனேன். அது இல்லை.
கிடைத்தது வேறு யாரோ,
கிரிமியாவிலிருந்து திரும்பியவர்,
எலி கடித்த மூலையோடு:
படபடப்பு, மூச்சிரைப்பு, விடியும்வரை விழிப்பு.
காரணம், முதுகுப்பையின் தோல்வார்
மார்பை இறுக்கியது.
வாரைத் தளர்த்தினார்கள்.
அடுத்த கட்டு தென்னாப்பிரிக்கா.
வார் தளர்வாகத்தான் இருந்திருக்கிறது,
ஆகவே புகையிலை. ஆகவே வெயில்.
எங்கள் காலத்தில் குண்டு கிளப்பிய காற்று என்றார்கள்.
குண்டே விழாத இடத்தில்
உருளைக்கிழங்கு உரித்தவனுக்கும் அது வந்தபோது
அந்தச் சொல்லை எழுதக் கூடாதென்று உத்தரவு.
பதிலுக்கு ஒரு ரப்பர் முத்திரை தந்தார்கள்:
இன்னும் கண்டறியப்படவில்லை.

எத்தனை ஆயிரம் முறை குத்தினேனோ.
'இன்னும்' மட்டும் தேய்ந்துபோயிற்று.
இப்போது தாளில் விழுவதெல்லாம்
கண்டறியப்படவில்லை.

குழு கேட்பது ஒன்றுதான்.
நோய் போரால் உண்டானதா,
போரால் மோசமானதா?
உண்டானது என்றால் பச்சைத் தாள்.
ஏனோக்குக்கு மஞ்சள்.
இருபது சதவீதம். வாரம் எட்டு ஷில்லிங்.

கடிதம் வாங்க வந்தவள் ஹெப்ஸிபா பில்லிங்.
இரண்டு முறை படித்துவிட்டு
"எந்த இருபது?" என்றாள்.
தெரியவில்லை என்பதைக்கூட
சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பிறகு அவளே பேசினாள்.
ஆலையில் அவருக்கு ஒன்றுமில்லையாம்.
நானூறு தறி ஒன்றாய் அடிக்கும்போது
பால் குடித்த குழந்தை மாதிரி இருப்பாராம்.
ஞாயிறுதான் ஆகாது.
தெரு முழுக்கச் சத்தமின்றி ஜெபத்துக்குப் போனபின்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து
போர்வை நுனியைக் கடித்துக்கொள்கிறார்.

படிவத்தில் ஞாயிறுக்குக் கட்டம் இல்லை.

"அதனால் தையல் மெஷினை மிதிக்கிறேன்,
அவர் கண்ணயரும்வரை.
ஓய்வுநாளில் வேலை செய்கிறாள் என்று
பக்கத்து வீட்டில் போதகரிடம் சொல்லிவிட்டார்கள்.
அவரும் வந்தார், தொப்பியைக் கழற்றாமல்.
கிட்ட வந்து பாருங்கள் என்றேன்."
மஞ்சள் தாளை நான்காய் மடித்து
கையுறைக்குள் செருகினாள்.
"ஊசியில் நூல் இல்லை."