எக்கோவைக் கொஞ்சம் ஏத்து

முத்தூருக்கு மேற்கே, நொய்யலைத் தாண்டி,
கிளுவை வேலிக்குள் ஒரு கல் கோவில்.
பதினாலு வருசமாய் அங்கே என் மைக்செட்தான்.
நாலு குழாய், ரெண்டு பெட்டி.
உடுக்கை பொங்கியண்ணன்.
ஒன்பது ராத்திரிக் கதை.

சேமலையன் கதை எனக்கு மனப்பாடம்.
காது கொடுத்துக் கேட்டதில்லை, இருந்தும் மனப்பாடம்.
எந்த அடிக்கு எந்தத் திருகை எவ்வளவு திருப்பணும் என்று
விரல்கள் படித்து வைத்திருக்கின்றன.

முதல் ராத்திரி குதிரை வாங்குவான்.
பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டான்,
சொன்ன விலைக்கு மேலே ஒரு பிடி பொன் வைப்பான்.
மூன்றாம் ராத்திரி பஞ்சம்.
குதிரைக்கு வைத்திருந்த கொள்ளை அவித்து
ஊருக்குப் போட்டுவிட்டு
அவன் பட்டினி, குதிரையும் பட்டினி.
பெண்கள் மூக்கை உறிஞ்சும் இடம் அது,
நான் பேஸைக் குறைத்துவிடுவேன்.
ஐந்தாம் ராத்திரி கணவாயில் ஒற்றை ஆளாய் நின்று
விடிய விடிய ஒரு படையை நிறுத்துவான்.
ஈட்டி ஒடியும், ஒடிந்ததால் குத்துவான்.
வாள் மழுங்கும், மழுங்கினதால் அடிப்பான்.
விசில் பறக்கும்.
விசிலுக்கு நான் ஒன்றும் திருப்ப வேண்டியதில்லை.

ஏழாம் ராத்திரி, ரெண்டு மணி வாக்கில்,
பொங்கியண்ணன் என்னைப் பார்ப்பார்.
எக்கோவைக் கொஞ்சம் ஏத்து என்று
புருவத்தால் சொல்வார்.
ஏத்துவேன். உடுக்கையும் நாலு மடங்காகும்.
சத்தத்தின் மேல் சத்தம் விழுந்து
சொல்லெல்லாம் கரைந்து போகும்.
சாமி வந்து ஆடுவதற்கு வசதி செய்கிறார் என்றுதான்
இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.

இந்த வருசம் சரியாக அந்த நேரத்தில்
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறேன், இழுக்கிறேன்,
இருமுகிறதே தவிரப் பிடிக்கவில்லை.
இருட்டு.
கொறங்காட்டில் எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணி.
பொங்கியண்ணன் நிறுத்தவில்லை.
வெறுந்தொண்டையில் பாடிக்கொண்டே போனார்.

வாய்க்கால் கரையில் ஒரு பையன்.
எதிராளிப் படைக்குக் கொம்பு ஊதுகிறவன்.
கொம்பைப் புல்லில் வைத்துவிட்டுக்
குனிந்து தண்ணீர் குடிக்கிறான்.
சேமலையன் பின்பக்கமாய் வருகிறான்.
கூப்பிடவில்லை.
திரும்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அள்ளிக் குடித்த தண்ணீர்
தொண்டைக்குக் கீழே இறங்கும் முன்னே
வெட்டுகிறான்.
செத்தவன் வேட்டியில் வாளைத் துடைத்துவிட்டு
அந்தக் கொம்பை எடுத்து ஊதிப் பார்க்கிறான்.
காத்துத்தான் வந்தது சாமி,
வெறுங் காத்துத்தான் வந்தது,
என்று ரெண்டு தரம் பாடினார் பொங்கியண்ணன்.

யாரும் விசில் அடிக்கவில்லை.
முன்வரிசையில் வாரணவாசி,
கடைமடைத் தண்ணீருக்காகப்
பங்காளி மேல் கேஸ் போட்டிருப்பவர்,
இருட்டிலும் துண்டை எடுத்து
முகத்தை மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.
என் கையில் இன்னும் கயிறு.
இழுக்க மறந்து நின்றிருக்கிறேன்.

அப்புறம் மிசின் பிடித்தது. குழல் விளக்கு எரிந்தது.
எட்டாம் ராத்திரி சேமலையன் செத்தான்,
தேங்காய் மூட்டை மூட்டையாய் உடைந்தது.
அழுதவர்கள் போன வருசம் போலவே அழுதார்கள்,
ஒருவேளை கொஞ்சம் கூடுதலாய்.

பத்தாம் நாள் ஒயரைச் சுருட்டும்போது
கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.
ஓங்கின வாள், முறுக்கின மீசை,
எண்ணெயும் மஞ்சளும் வழிகிற மார்பு.
காலடியில் சுண்ணாம்பு அப்பி அப்பி
மேடாகிப் போன ஒரு புடைப்பு.
நகத்தால் சுரண்டினேன்.
கொம்பு மாதிரி இருந்தது.
வெறும் சுண்ணாம்பாகவும் இருக்கலாம்.

பொங்கியண்ணன் இலையில் உட்கார்ந்திருந்தார்.
"ஏழாம் நாத்து கரண்டு போச்சே,
அந்த எடம் கேட்டுச்சா?"
"கேட்டுச்சுங்க."
ரசத்தை உறிஞ்சினார். மோருக்குக் கை காட்டினார்.
"எல்லாத்துக்குமா?"
"கடைசி வரிசைக்கும் கேட்டுச்சுங்க."
இலையை மடித்தார். எழுந்தார். கை கழுவி வந்து
என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டினார்.
"அடுத்த வருசமும்
அந்தப் பழைய மிசினையே எடுத்துட்டு வா."