பொய்மீன் நடை

சனிக்கிழமை மதியம் கூரியர் பையன் வந்தபோது
நான் ஒருவரிடம் பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
நெல்லின் ஈரப்பதம். பதினேழுக்கு மேல் வாங்க முடியாது.
"இன்னொரு தடவ போட்டுப் பாருங்க சார்."
போட்டுப் பார்த்தேன். பத்தொன்பதுதான்.
அவர் தார்ப்பாயை இழுத்து மூடப் போனார்.
மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கிய பெட்டி
சட்டைப்பைக்குள் கிலுகிலுத்தது.

விரல் நீளம். அயிரையின் முதுகு, கெண்டையின் வயிறு.
உள்ளே உருளும் ஓர் ஈயக்குண்டு.
மிதக்காது, அடிக்கும் போகாது,
தண்ணீருக்கு ஒரு சாண் கீழே
இடமும் வலமுமாக நடக்கும்
என்று அட்டையின் பின்புறம் படம் போட்டிருந்தது.
அறுநூற்றெண்பது ரூபாய்.
வீட்டில் நூற்றெண்பது.

பாண்டவையாற்றில், சட்ரஸுக்கு மேலே தேங்கிய தண்ணீரில்
சபியுல்லா விடியுமுன்பே வந்து ரப்பர் தவளையை
வீசிக்கொண்டிருந்தான்.
விராலுக்குத் தவளை, மற்றதெல்லாம் வீண்செலவு என்பது
அவன் கட்சி.
என் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து,
இரண்டு மும்முனைக் கொக்கிகளையும் தொட்டு எண்ணி,
"இது மீனப் புடிக்காது மாப்ள,
ஆத்தத்தான் புடிக்கும்" என்றான்.

முதல் வீச்சில் ஆகாயத்தாமரை, வேரோடு.
இரண்டாவதிலும்.
மூன்றாவதில் ஒரு தாம்பூலப்பை,
மணமக்கள் பெயர் அழியாமல்.
சபியுல்லா எழுந்து நின்று வாழ்த்தினான்.

பிறகு ஒரு திறப்பு கிடைத்தது, பாய் அகலத்துக்கு.
அதற்குள்ளும் அது நடக்கவில்லை.
கடனுக்குப் பிடித்துப்போகும் மாடு மாதிரி
இழுத்த இழுப்புக்கு நேராக வந்தது.
ராடைத் தாழ்த்திச் சுண்டினேன்.
வேகமாகச் சுண்டினேன்.
மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

வலியில் கை தானாகத் தளர்ந்தபோது
நரம்பு தொய்ந்தது.
அந்தத் தொய்வில்
அது தலையைத் திருப்பியது.

சுண்டும்போது இல்லை,
விடும்போதுதான் திரும்புகிறது.
சுண்டி விட்டேன். இடம்.
சுண்டி விட்டேன். வலம்.
பழுப்புத் தண்ணீருக்குள் ஒரு வெள்ளி மினுக்கம்
அங்கொன்று இங்கொன்று,
சந்தையில் யாரையோ தேடுகிறவர் மாதிரி.
மீன் வேண்டும் என்பதையே மறந்து
ஒரு கால்மணி நேரம்
பொம்மையை நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

அடி விழுந்தது
தண்ணீர் மேலே அல்ல, என் முழங்கையில்.
சபியுல்லா "வுடாத வுடாத" என்று ஓடிவந்தான்.
இரண்டு கிலோ இருக்கும்.
கறுத்த முதுகு, வாய் நிறைய என் அறுநூற்றெண்பது.
கரையில் போட்டு இடுக்கியைத் தேடும்போதுதான்
திறப்பின் ஓரத்தில் பார்த்தேன்,
குங்குமம் கரைத்த மாதிரி ஒரு சிவப்பு
தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்தது.
குஞ்சுகள். நூறா, ஐந்நூறா.

பசியில் கடிக்கவில்லை இது.
வீட்டு வாசலில்
திரும்பத் திரும்ப நடந்த ஒருவனை அடித்திருக்கிறது.

விரால் காற்றைக் குடிக்கும், கரையில் கொஞ்சநேரம் தாங்கும்.
அவசரம் அங்கே.
சிவப்புக்கு அடியில் ஏற்கெனவே
கெளுத்திகளின் மீசை தெரிந்தது.
சபியுல்லா ஈரத்துண்டால் தலையைப் பிடித்துக்கொள்ள
ஒரு கொக்கி கழன்றது. மற்றது கழலவில்லை.
வெட்டினேன்.
வெட்டும்போது என் கட்டைவிரலும் கொஞ்சம்.

விட்டதும் அது போய்விடவில்லை.
கரையோரம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.
சிவப்பு மேகம் தயங்கித் தயங்கி
அதை நோக்கி வந்தது.
வழியில், ராடு நுனியிலிருந்து தண்ணீருக்குள்
தொங்கிக்கொண்டிருந்த என் பொய்மீனை
நாலைந்து குஞ்சுகள் சுற்றி நின்றன.
நான் சுண்டவுமில்லை, விடவுமில்லை.
அவை போகும்வரை
ராடை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பைக்கை எடுக்கும்போது சபியுல்லா கேட்டான்,
"எவ்ளோன்னு சொன்ன இது?"
"நூத்தியெம்பது."
"எனக்கு ஒண்ணு போடச் சொல்லு."

நேற்று ராத்திரி மழை பெய்திருந்தது.
நாளைக்கு அந்தத் தார்ப்பாயைத் திறப்பார்கள்.